இப்போதுதான் போட்ட கமென்ட் எப்படி ஐந்தரை மணி நேரம் பழசானது?

[திரையில்: ஒரு கமென்ட் பெட்டி. அதன் கீழே "5 மணி 30 நிமிடம் முன்பு"]

இந்தக் கமென்டை நான் போட்டு பத்து நொடிதான் ஆகிறது. கீழே பாருங்கள், ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டதாம். இந்தியாவில் உட்கார்ந்து புரோகிராம் கோடு எழுதுகிறவர்கள் இந்த ஐந்தரையை எங்கே பார்த்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைம்ஸோனைத்தான், அதாவது எந்த ஊர் நேரத்தில் கடிகாரம் ஓடுகிறது என்பதைத்தான்.

கமென்ட் விழுந்தது காலை 10 மணிக்கு. டேட்டாபேஸ் ஓடும் சர்வர் யூடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, அதனால் 04:30 என்று எழுதி வைத்துக்கொண்டது. கமென்டின் வயதைக் கணக்கிடும் என் கோடு பைத்தான் மொழியில் இருக்கிறது, அதற்கோ இந்திய நேரம் என்று நான் செட் செய்திருந்தேன், அது 10:00 என்கிறது. பத்தில் நாலரை போனால் ஐந்தரை. கழித்தல் சரிதான், கடிகாரம்தான் இரண்டு. லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே இரண்டுமே இந்திய நேரத்தில்தான் ஓடும்.

நான் முதலில் பார்த்த வைத்தியம் என்ன தெரியுமா? விடையிலிருந்து ஐந்தரை மணி நேரத்தை, அதாவது 19,800 நொடியைக் கழித்துவிட்டேன். சர்வரில் சரியாகிவிட்டது. அதே கோடை லேப்டாப்பில் ஓட்டினால் மைனஸ் 19,790! கமென்ட் இனிமேல்தான் வரப்போகிறதாம்.

இந்த 5:30-ஐக் கையால் எழுதுவதே வம்பு. இலங்கைக்கும் இப்போது 5:30தான், ஆனால் 1996-க்கும் 2006-க்கும் நடுவில் அங்கே கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது, 2001-இல் பதிவான கொழும்பு நேரத்தை 5:30 வைத்து மாற்றினால் அரை மணி நேரம் பிசகும். எண்ணுக்குப் பதிலாக ஸோனின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தப் பழைய கதையெல்லாம் நேரத்தைக் கணக்கிடும் லைப்ரரிக்கு (ரெடிமேட் கோடுக்கு) தெரியும்.

சரி, என்ன செய்யலாம்?

[திரையில்: மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஒரு வினவல்]

எழுதிய கடிகாரத்தையே கேட்டுவிடுங்கள், அதுதான் சுலபம். நேரத்தைப் பதிந்தது, இப்போதைய நேரத்தைத் தரும் டேட்டாபேஸின் "நவ்" என்றால், கழிப்பதையும் அங்கேயே "டைம்ஸ்டாம்ப்டிஃப்" வைத்து நொடியில் கேளுங்கள். "டேட்டிஃப்" மட்டும் வேண்டாம், அது தேதியைத்தான் பார்க்கும், இரவு 11:59-க்குப் போட்டதை 12:01-க்குப் பார்த்தால் ஒரு நாள் ஆகிவிட்டது என்று அடித்துச் சொல்லும்.

கோடில்தான் கழிப்பேன் என்றால் இரண்டு பக்கமும் யூடிசி என்று முத்திரை குத்திய நேரமாக இருக்கட்டும். ஒன்றில் ஸோன் இருந்து மற்றதில் இல்லையென்றால் பைத்தான் டைப்எரர் என்ற பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். திட்டாதீர்கள், சத்தமில்லாமல் தப்பான விடை தருவதைவிட அது எவ்வளவோ மேல். பைத்தானில் யூடிசி நேரம் கேட்கும் "யூடிசிநவ்" ஸோன் ஒட்டாத நேரத்தைத்தான் தரும், 3.12 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்தாதே என்று பைத்தானே எச்சரிக்கிறது.

[திரையில்: 25 மணி நேரம் பழைய பதிவு]

அப்புறம் இது, நான் மாட்டிய இன்னொரு இடம். பைத்தானில் கழித்து வந்த விடையில் "செகண்ட்ஸ்" என்று கேட்டால் 3,600 வருகிறது. முழு நாளைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் தருகிறது அது, அதனால் நேற்றுப் போட்ட பதிவு ஒரு மணி நேரம் முன்பு போட்டதாகத் தெரியும். "டோட்டல் செகண்ட்ஸ்" கேளுங்கள், 90,000 வரும்.

இதெல்லாம் செய்த பிறகும் எப்போதாவது மைனஸ் 1 நொடி வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மெஷின்களின் கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின்னாக ஓடுகின்றன, அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழே போனால் "இப்போது" என்று காட்டிவிடுங்கள்.