காந்தத்துல ஒட்டுன வெள்ளி

வணக்கம் மக்களே. மலேசியா, சுங்கை சிப்புட், நம்ம வீட்டு அஞ்சடி, அதான் வாசல் தாழ்வாரம். பின்னால சடசடன்னு கேக்குறது தகரத்துல விழுற மழை. மைக்கைத் திட்டாதீங்க.

இந்த நடுவிரலைப் பாருங்க. குல்லா மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கேனா, இது எங்க பாட்டியோட அங்குஸ்தான். மலாய்ல பிடால்ன்னு சொல்வாங்க. ஊசியோட பின்பக்கத்தை இதால தள்ளுனா விரல் புண்ணாகாது. மேல இருக்குற குட்டிக் குட்டிக் குழியெல்லாம் ஊசி வழுக்காம நிக்கத்தான்.

பாட்டி தோட்டத்து பங்களாவுல ஆயாவா இருந்தவங்க. மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திரத்துக்கு, அப்புறம் துரை குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது துரைசானி ஒரு பிஸ்கட் டின் குடுத்துட்டுப் போச்சாம். நூல்கண்டு, கத்தரி, கூடவே இது. அதுக்கப்புறம் லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, யாரு கம்பளி கிழிஞ்சாலும் பாட்டிகிட்டதான் வரும்.

பாட்டி போனதும் நான் இதைப் பத்தர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவரு நிறுக்கக்கூட இல்ல. மேசையில கிடந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டு போனாரு, டக்குன்னு ஒட்டிக்கிச்சு. "இரும்பும்மா இது. முலாம் பூசிருக்கான்"ன்னாரு. வெள்ளி காந்தத்துல ஒட்டாதுன்னு யாருக்குத்தான் தெரியாது? எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. கொண்டாந்து பாட்டில் மூடி, பழைய சாவியோட டிராயர்ல போட்டுட்டேன். ரெண்டு வருசம் அங்கதான் கிடந்துச்சு. இன்னிக்கு நெனச்சாலும் கூசுது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஈப்போவுல மெமரி லேன்ங்கிற பழைய சாமான் பாசார். ஒரு அங்கள் கடையில இதே மாதிரி இன்னொண்ணு. 60 வெள்ளி குடுத்து வெள்ளி வாங்குனேன். (நம்ம ஊர்ல ரிங்கிட்டையும் வெள்ளின்னுதான் சொல்வோம்.) இதுதான் அது. விளிம்புல பாருங்க, ஒரு சிங்கம் நடந்து போகுது. அது இங்கிலாந்து முத்திரை, 1000-க்கு 925 பங்கு வெள்ளின்னு அர்த்தம். பக்கத்துல மூணு கதிர்க்கட்டு, நடுவுல ஒரு வாள். அது செஸ்டர்ங்கிற ஊர்ல சோதிச்சதுக்கு அடையாளம். அந்தச் சோதனை நிலையத்தை 1962-ல மூடிட்டாங்க. நங்கூரம் இருந்தா பர்மிங்ஹாம். கப்பல் ஓடுற ஊர் போலன்னு நெனச்சிராதீங்க, அங்க கடலே கிடையாது!

இந்த முத்திரைகளோட சி.எச்.ன்னு ரெண்டு எழுத்து. இதை எங்கயோ பாத்திருக்கோமேன்னு டிராயரைக் கொட்டுனேன். பாட்டியோடதுலயும் அதே சி.எச்.! ஆனா சிங்கம் இல்ல, கதிர்க்கட்டு இல்ல. லென்ஸ் வச்சுப் பாத்தா 'டோர்காஸ்'ன்னு ஒரு பேரு.

சி.எச்.ன்னா சார்லஸ் ஹார்னர்ன்னு ஒரு நகைக்காரர், இங்கிலாந்து யார்க்‌ஷயர்ல ஹாலிஃபாக்ஸ்காரர். வெள்ளி மெத்துன்னு இருக்கும். கெட்டித் துணியில ஊசியை அழுத்துனா அங்குஸ்தான்லயே ஓட்டை விழுந்து விரல்ல ஏறிடும். அதனால உள்ள வெள்ளி, வெளிய வெள்ளி, நடுவுல எஃகுத் தகடுன்னு செஞ்சு 1884-ல காப்புரிமை வாங்கிட்டாரு. நடுவுல எஃகு இருக்குறதால வெள்ளின்னு சிங்க முத்திரை குத்த முடியாது. காந்தத்துல ஒட்டுனதும் அதுதான். பத்தர் சொன்னது பாதி சரி. இரும்பு இருக்கு, ஆனா அது ஏமாத்தறதுக்கு வச்ச இரும்பு இல்ல.

டோர்காஸ்ங்கிற பேரைப் பத்தி எதிர்வீட்டு மேரி அக்காகிட்ட சொன்னதும், "அது நம்ம தொற்காள்டி"ன்னாங்க. வேதாகமத்துல யோப்பா ஊர்ல விதவைங்களுக்குத் துணி தைச்சுக் குடுத்த அம்மாவாம். கோயிலுக்கு மட்டும் போற எனக்கு இது புதுசு.

அங்குஸ்தான் சேர்க்கிறவங்க பெரும்பாலும் ஓட்டை, நசுங்கல் இல்லாததாத் தேடுவாங்க. எனக்கு அது ஒத்துவரல. இங்க பாருங்க, ஒரு பக்கம் மட்டும் குழியெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. பாட்டி எப்பவும் அந்தப் பக்கமாத்தான் ஊசியைத் தள்ளியிருக்காங்க. அந்தத் தேய்மானத்துக்குத்தான் நான் காசு குடுப்பேன். அம்மா பல்பசையோட வந்தாங்க, குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு ஆக்கித் தர்றேன்னு. கையைப் பிடிச்சுக்கிட்டேன். பல்பசை அரம் மாதிரி, எழுத்தெல்லாம் மழுங்கிடும். மெத்துன்னு பருத்தித் துணி போதும்.

ஒரு முட்டாத்தனமும் பண்ணேன், அதையும் சொல்லிடுறேன். ஈப்போ அங்குஸ்தானைக் காகிதத்துல சுத்தி, கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) பொட்டலத்துல வந்த ரப்பர் பேண்டைப் போட்டு வச்சேன். சில மாசத்துல அது இருந்த இடம் மட்டும் கறுப்பு வளையம்! ரப்பரைக் கெட்டியாக்க ஃபேக்டரியில கந்தகம் சேர்ப்பாங்க, வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துடும். தாத்தா காலம் பூரா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாரு, பேத்திக்கு இது தெரியல பாருங்க.

அடுத்த வாரம் வெள்ளி ஊசிக்கூடு ஒண்ணு காட்டுறேன். உங்க வீட்டுல அங்குஸ்தானுக்கு என்ன பேருன்னு கீழ எழுதுங்க. வேற பேரு இருந்தா தெரிஞ்சுக்க எனக்கு ஆசையா இருக்கு.

இருங்க... இது கழட்ட வரமாட்டேங்குது. பாட்டிக்கு என்னா விரலு, குச்சி மாதிரி! அம்மா, அந்த சோப்பை எடுங்களேன்...