கொன்றையும் ஆவாரையும்: பூவைப் பிரித்துப் பார்த்து இனங்காணல்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் சாலையோரம் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றை. தரிசில் புதராக நிற்கும் ஆவாரை. மழை விழுந்ததும் வரப்போரம் முளைக்கும் தகரை. தோட்டத்து ஓரத்தில் நிமிர்ந்த பூங்கொத்தோடு நிற்கும் வண்டுகொல்லி. நான்கிலும் ஐந்து மஞ்சள் இதழ்கள். நான்கும் நெற்று விடுபவை. நான்கின் இலையும் சிற்றிலைகள் இணையிணையாக அமைந்த கூட்டிலை. தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753இல் இந்த நான்கையும் கேசியா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். நாளடைவில் அதில் 500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் வந்து சேர்ந்தன. 1982இல் ஹோவர்ட் இர்வின், ரூபர்ட் பார்னபி என்ற இரு தாவரவியலாளர்கள் அந்தப் பெரும் கூட்டத்தை கேசியா, சென்னா, கமேகிரிஸ்டா என மூன்றாகப் பிரித்தார்கள். இன்று உலகெங்கும் பெரும்பாலோர் பின்பற்றுவது அந்தப் பிரிவினையைத்தான்.

எதை வைத்துப் பிரித்தார்கள் என்பதைக் கையில் ஒரு பூ இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஒரு ஊசி, ஒரு பிளேடு, மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல் ஆகியவை போதும்.

முதலில் சரக்கொன்றை. காலையில் புதிதாக விரிந்த பூவை எடுத்து இதழ்களை நீக்குங்கள். பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். அவற்றில் கீழ்ப்புறத்து மூன்றின் கம்பிகள், அதாவது மகரந்தப்பையைத் தாங்கும் காம்புகள், மட்டும் மிக நீளம். 3 சென்டிமீட்டருக்கு மேல் போகும். கீழே இறங்கி, வளைந்து, நுனியில் மேலே ஏறும், தூண்டில் முள்ளைப் போல. அடுத்த நான்கு குட்டையானவை, நேரானவை. மேற்புறத்து மூன்றும் மிகச் சிறியவை. இவை மலட்டு மகரந்தத்தாள்கள். நீண்டு வளைந்த அந்த மூன்று கம்பிகள்தான் இன்றைய கேசியா பேரினத்தின் அடையாளம். இதோடு பூக்காம்பின் அடியில் பூவடிச்செதில் ஒன்றும், அதை ஒட்டிச் சிறுசெதில் இரண்டும் இருக்கும். அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் விரிந்த பூவில் தேடாதீர்கள். இளம் மொட்டில் பாருங்கள்.

இப்போது ஆவாரம்பூ. இதிலும் பத்து மகரந்தத்தாள்கள், மேற்புறத்து மூன்றும் மலடு. ஆனால் மற்ற ஏழில் எதற்கும் அந்த நீண்ட வளைவு இல்லை. கம்பிகள் நேரானவை. மகரந்தப்பையின் உச்சியை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சிறு துளை தெரியும். மகரந்தம் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவில் தேன் கிடையாது. கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் பறக்கும் தசைகளை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் தூவும். ஆவாரஞ்செடி அருகே திடீரென ரீங்காரத்தின் சுருதி மாறுவதைக் கேட்டிருந்தால், நீங்கள் கேட்டது இதைத்தான். காம்பில் சிறுசெதில்கள் இல்லாமையும் இந்த நேரான கம்பிகளும் சேர்ந்தால் அது சென்னா.

மூன்றாவது, கமேகிரிஸ்டா. நம் பக்கம் இவை பெரும்பாலும் முழங்கால் உயரச் செடிகள். கருங்காணம் இதில் ஒன்று. கம்பிகள் நேரானவை, ஆனால் சிறுசெதில்கள் பூக்காம்பின் நடுவிலோ அதற்கு மேலோ இருக்கும். நெற்று காய்ந்ததும் இரண்டு ஓடுகளும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறிக்கும். மற்ற இரண்டு பேரினங்களில் இப்படி நடப்பதில்லை.

பூவின் நிறத்தை நான் இதுவரை அடையாளமாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பூங்காக்களில் வளர்க்கும் இளஞ்சிவப்புப் பூக்கொண்ட கொன்றைகளின் பூவைப் பிரித்தால் அதே மூன்று நீண்ட வளைந்த கம்பிகள் இருக்கும். ஜாவா கொன்றையில் அந்தக் கம்பிகளின் நடுவில் ஒரு வீக்கமும் உண்டு. அவை சரக்கொன்றையின் நெருங்கிய உறவு. ஆனால் அச்சாக அதே மஞ்சளில் சாலையோரம் பூக்கும் மஞ்சள் கொன்றை, ஆவாரையின் பக்கம். கண்ணில் முதலில் படுவது நிறம். வகைப்பாட்டில் அது கடைசியாகத்தான் வரும்.

பேரினம் தெரிந்துவிட்டது. சிற்றினத்துக்கு இலைக்குத் திரும்ப வேண்டும். சென்னாவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இலைக்காம்புச் சுரப்பியை. காம்பின் மேல்புறத்தில் கடுகளவோ அதிலும் சிறிதாகவோ ஒரு மேடு. புதிய இலையில் ஈரம் பளபளக்கும், எறும்பு மொய்த்திருக்கும். அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதை வைத்தே நம் ஊர்ச் சென்னாக்களில் பாதியைப் பிரித்துவிடலாம்.

ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவில் ஒரு சுரப்பி இருக்கும். தரிசில் வளரும் இன்னொரு சென்னாவான பேயாவிரையில் ஒரே சுரப்பி, அதுவும் காம்பின் அடியில், தண்டோடு சேரும் வீக்கத்தை ஒட்டி. வண்டுகொல்லியிலும் மஞ்சள் கொன்றையிலும் சுரப்பியே கிடையாது. தகரையில் கீழ் இரண்டு இணைகளுக்கு நடுவில் ஒவ்வொன்று.

தகரையில் சற்று நிற்க வேண்டும். தகரை எனப்படும் சென்னா டோரா, அதைப் போலவே இருக்கும் சென்னா அப்டுசிஃபோலியா என்ற இரண்டையும் நீண்ட காலம் ஒரே செடி என்றே பலர் எழுதி வந்தார்கள். இரண்டுக்கும் மூன்று இணைச் சிற்றிலைகள், இரண்டின் நெற்றும் நீண்டு ஒல்லியானது. அப்டுசிஃபோலியாவில் பொதுவாகக் கீழ் இணைக்கு நடுவில் மட்டும் ஒரு சுரப்பி. ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். இரண்டாவது சுரப்பியும் சில செடிகளில் வந்துவிடும். காய்க்காம்பை அளந்து பாருங்கள். டோராவில் அது 1 சென்டிமீட்டருக்குள் நிற்கும், அப்டுசிஃபோலியாவில் ஒன்றரைக்கு மேல் நீளும். கடைசித் தீர்ப்பு விதையில் இருக்கிறது. முற்றிய விதையின் பக்கவாட்டில் வேறு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். டோராவில் அதன் அகலம் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். அப்டுசிஃபோலியாவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. காயில்லாமல் பூவை மட்டும் பறித்துவந்தவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். அதனால்தான் பூவும் முற்றிய நெற்றும் ஒரே செடியில் கிடைக்கும் பருவத்தில் போங்கள் என்கிறோம்.

பேயாவிரையைச் சரியாக அடையாளம் காண்பது உயிர் சம்பந்தப்பட்டது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறு குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் கல்லீரல், தசை, மூளை மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படும் நோய் வந்து பலர் இறந்தார்கள். முதலில் அதை மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். குழந்தைகள் விளையாட்டாகத் தின்ற பேயாவிரை விதைதான் காரணம் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. இதே செடி நம் ஊர்த் தரிசுகளிலும் நிறைய உண்டு. சில ஊர்களில் இதைத் தகரை என்றே சொல்கிறார்கள், தகரைத் துளிரோ கீரையாகச் சமைக்கப்படுவது. வித்தியாசத்தை மனதில் வையுங்கள்: தகரையின் சிற்றிலை நுனியில் அகன்று மழுங்கியிருக்கும், பேயாவிரையின் சிற்றிலை நுனி நோக்கிக் கூர்ந்து ஒடுங்கும், 3 முதல் 5 இணை, காம்படியில் ஒற்றைச் சுரப்பி. அதன் நெற்று தட்டையானது, விளிம்பு வெளிறியிருக்கும்.

ஆவாரைக்கு இன்னொரு சாட்சி இலையடிச் செதில். மற்ற பலவற்றில் அது மெலிந்து விரைவில் உதிரும். ஆவாரையில் அகன்று, காது வடிவில், இலையாகவே நிலைத்திருக்கும். மருந்துச் சரக்கு வாங்குவோருக்கு இது பயன்படும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் விளைந்து ஏற்றுமதியாகும் நிலாவாரை இலையில் ஆவாரை இலை கலப்பதுண்டு. நிலாவாரையை மலமிளக்கியாக்கும் சென்னோசைடு ஆவாரை இலையில் இல்லை. இலைக்கட்டில் காது வடிவச் செதில்களோ, காம்பில் வரிசையாகச் சுரப்பிகளோ தென்பட்டால் கலப்படம் என்று முடிவு செய்யலாம்.

மரங்களுக்கு வருவோம். மஞ்சள் கொன்றை என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்கள் உலவுகின்றன. ஒன்று சென்னா சியாமியா, ஆசியாவுக்கே உரியது, சாலையோரம் நடப்பட்டது. மற்றது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. முதுமலை, சத்தியமங்கலம், வயநாட்டுக் காடுகளில் பரவி அடியில் புல்லே முளைக்கவிடாமல் செய்கிறது. வனத்துறை அதை அகற்றிவருகிறது. இரண்டிலும் காம்புச் சுரப்பி இல்லாததால் அது இங்கே உதவாது. சியாமியாவின் சிற்றிலை நுனி மழுங்கி, நடுவில் ஒரு சிறு முள்நுனி நீட்டியிருக்கும். ஸ்பெக்டாபிலிஸில் நுனி கூர்மையானது. சியாமியாவின் நெற்று தட்டை, ஸ்பெக்டாபிலிஸின் நெற்று உருளை. மரத்தை வெட்டுமுன் தரையில் கிடக்கும் ஒரு பழைய நெற்றைக் கையிலெடுத்துப் பார்த்தாலே போதும்.

இனி, பார்த்ததை எழுதுவது. விவரிப்புக்கு ஒரு வரிசை உண்டு: வளரியல்பு, தண்டு, இலை, இலையடிச் செதில், மஞ்சரி (பூங்கொத்து), பூ, காய், விதை. பூவை வெளிவட்டத்திலிருந்து உள்ளே எழுதிப் போக வேண்டும்: புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரே வரிசையில் எழுதினால்தான் இரண்டு செடிகளை வரிக்கு வரி ஒப்பிட முடியும். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி மடிந்துள்ளன என்பதை நாளை மலரப்போகும் மொட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கொன்றைக் கூட்டம் முழுவதிலும் உச்சி இதழ் மற்றவற்றுக்கு உள்ளே அடங்கியிருக்கும். அவரை, பட்டாணிப் பூவில் அதே இதழ் வெளியே இருக்கும்.

அளவுகளில்தான் அதிகம் தவறு நேர்கிறது. கண்ணுக்கு அழகான பெரிய இலையை மட்டும் அளந்து எழுதிவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து இலைகளை, வேறு வேறு கிளையிலிருந்து அளந்து, சிறிதையும் பெரிதையும் எல்லையாகக் கொடுங்கள். வெட்டிய மரத்தின் அடியிலிருந்து கிளைத்த துளிரின் இலை இயல்பைவிட மிகப் பெரிதாக இருக்கும், அதை எடுக்காதீர்கள். சிற்றிலைகளை இணையாகத்தான் எண்ண வேண்டும்: ஆவாரையில் 8 முதல் 12 இணை. பெரியது, நீளமானது, அழகானது என்ற சொற்கள் விவரிப்பில் எதையும் சொல்வதில்லை.

மாதிரியைப் பாடம் செய்வது அடுத்தது. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம் ஹெர்பேரியம். ஹெர்பேரியத் தாளின் அளவு 42க்கு 28 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் கிளையைப் பூவோடும் காயோடும் வெட்டுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பும்போது ஒரு இலையைப் புரட்டி வையுங்கள், அடிப்புறம் தெரிய வேண்டும். ஒரு பூவைப் பிரித்துப் பரப்பி அழுத்துங்கள். இரண்டு மூன்று பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் சிறு குப்பியில் போட்டுவையுங்கள். உலர்ந்த பூவில் கம்பிகளின் வளைவு சரியாகத் தெரியாது. முதல் சில நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சை படர்ந்து இலை கறுத்துவிடும். கொன்றைக் குடும்பத்தில் உலரும்போது சிற்றிலைகள் உதிர்வது பெரிய தொல்லை. செல்கள் சாகாமல் மெல்ல உலர்வதால் அப்படி ஆகிறது. பூவை விட்டுவிட்டு இலைப்பகுதியை மட்டும் கொதிநீரில் ஒரு கணம் முக்கி எடுத்து, நீரை ஒற்றி, பிறகு அழுத்தினால் உதிர்வு குறையும். சரக்கொன்றை நெற்று 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதைத் தனிப் பையில் போட்டு அதே எண்ணைக் கட்டுங்கள். இரண்டு செடிகளின் கிளைகளுக்கு ஒரே எண் கொடுக்கக் கூடாது. அப்படிக் கலந்த தாளைப் பின்னால் வருபவர் யாராலும் பிரிக்க முடியாது.

குறிப்பேட்டில், தாளில் தெரியாததை எழுதுங்கள்: மரத்தின் உயரம், பட்டை, பூவின் நிறம், மணம், சுரப்பியின் நிறம், மண், இடம், கடல்மட்ட உயரம், தேதி, அந்த ஊரார் சொல்லும் பெயர். பழுப்பாகிப்போன பூவைப் பார்த்து, மஞ்சள் என்று நினைவிலிருந்து எழுதுவது விவரிப்பு ஆகாது. காப்புக்காடுகளுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி கட்டாயம். பழைய ஹெர்பேரியத் தாள்களைப் புரட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்நாளில் பூச்சி வராமலிருக்கப் பாதரச நஞ்சு பூசியிருக்கிறார்கள்.

பெயரைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. 1915க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலில் ஆவாரை கேசியா ஆரிகுலேட்டா என்றுதான் இருக்கும். அது தவறல்ல, அந்தக் காலத்துப் பெயர். இன்றைய பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பேரினம் மாறினாலும் லின்னேயஸ் இட்ட இரண்டாம் சொல் அப்படியே தொடர்வதைப் பாருங்கள். தேடும்போது அந்த இரண்டாம் சொல்லைப் பிடித்துக்கொண்டால் பழைய நூலுக்கும் புதிய பட்டியலுக்கும் வழி கிடைக்கும்.

எந்தப் பெயரிலும் அடங்காத ஒரு செடி கிடைத்தால், உடனே புதிய சிற்றினம் என்று அறிவித்துவிடாதீர்கள். ஒரே செடியிலிருந்து மூன்று நான்கு படிகளை அதே எண்ணில் தயாரித்து, ஒன்றைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சென்னை ஹெர்பேரியத்தில் ஒப்பிடக் கொடுங்கள். உண்மையிலேயே புதியதென்றால் அதில் ஒரு தாள் வகைமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு நிரந்தர ஆதாரமாக, நியமிக்கப்பட வேண்டும். விவரிப்போ வேறுபாட்டுக் குறிப்போ லத்தீனிலோ ஆங்கிலத்திலோ வெளியாக வேண்டும். 2012க்கு முன் லத்தீன் கட்டாயமாக இருந்தது. மீதிப் படிகள் உங்கள் பக்கத்துக் கல்லூரியின் ஹெர்பேரியத்தில் இருக்கட்டும். அடுத்த முறை அதே செடியைப் பறிப்பவர் ஒப்பிட அங்கேதான் வருவார்.

வணக்கம்.