செருப்பு வெளியே, பறை உள்ளே

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும், அறுப்பின் பண்டிகைக்குத் திரண்டிருக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

எல்லாரையும் அரவணைக்கிற சபையாக நம்மை ஆக்குவது பாரம்பரிய ஆராதனையா, மாற்று ஆராதனையா? நான் மாற்று ஆராதனையின் பக்கம், அதாவது நம் ஊர்ப் பறையும் நாட்டுப்புற மெட்டும் கோயிலுக்குள் வரட்டும் என்கிற பக்கம். வரிசையாகக் காரணங்கள் வைத்திருக்கிறேன் நடுவர் அவர்களே. ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "பாமாலை பாடுகிற இடத்தில் பறை எதற்கு? அது சாவு மேளம். கோயிலுக்கு வருகிறவன் யார் வீட்டில் துக்கம் என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுவான்" என்றார்.

இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணே, நம் கோயில் மணி எதற்கெல்லாம் அடிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை முதல் மணி, இரண்டாம் மணி. கல்யாணத்துக்கு அடிக்கிறது. வருஷப் பிறப்பு ராத்திரி பன்னிரண்டுக்கு அடிக்கிறது. சபையில் ஒருவர் கண்ணை மூடினால், விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து "யாரு, யாரு?" என்று கேட்கிறோமே, அது சாவு மணி இல்லையா? அதற்காக மணியை இறக்கிச் சுற்றுச்சுவருக்கு வெளியே வைத்தோமா? சனிக்கிழமை அடக்க ஆராதனைக்குப் போன ஆர்மோனியம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் பாடிய பாமாலையை மறுவாரம் கோயிலில் பாடுகிறோம். மணிக்கு இல்லாத தீட்டு, ஆர்மோனியத்துக்கு இல்லாத தீட்டு, பறைக்கு மட்டும் எப்படி வந்தது? அடிக்கிறவர் மேல் ஊர் சுமத்திய தீட்டை, அவர் கையில் இருக்கிற தோலின் மேலும் ஏற்றிவிட்டோம். அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். சாவுப் பேச்சே ஞாயிறு ஆராதனைக்கு ஆகாதென்றால், நற்கருணையில் நாம் என்ன செய்கிறோம்? "கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்" என்று பவுல் எழுதியதைத்தானே செய்கிறோம்? ஒரு மரணத்தையும், அதை ஜெயித்த காலையையும் ஊருக்குச் சொல்வதுதான் நம் வேலை. ஊருக்குச் சேதி சொல்லத் தெரிந்த கருவியை நாமே வாசலில் நிறுத்தலாமா? 150ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். தம்புரு, நடனம், யாழ், தீங்குழல், ஓசையுள்ள கைத்தாளம். அதோடும் தாவீதின் புத்தகம் நிற்கவில்லை, பேரோசையுள்ள கைத்தாளம் என்று இன்னும் ஒரு படி ஏறுகிறது. பேரோசை வேண்டும் என்று வேதமே கேட்கிறது அண்ணே!

சரி, ஒரு நடந்த கதை சொல்கிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமச் சபை. அங்கே ஒரு பெரியவர், ஞானஸ்நானம் எடுத்த குடும்பம், பறை அடிக்கிறவர். ஞாயிறு தவறாமல் வருவார். ஆனால் வந்து உட்காருவது தாழ்வாரத்தில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு மட்டும் அவரைத் தேடுவார்கள். தெருத் தெருவாக அவர் பறைதான் முன்னால் போகும். கோயில் வாசல் வந்ததும் பறை தாழ்வாரத்தில், அவரும் தாழ்வாரத்தில்.

அந்தச் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் ஐயர் மாற்றலாகி வந்தார். அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் கோயிலுக்குள் வாசிக்க வேண்டும் என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கமிட்டி சிரிக்கவில்லை. பண்டிகை அன்று காலை பெரியவர் வந்தார். கோயில் வளாகத்தில் நாலு வைக்கோல் பிரி போட்டுக் கொளுத்தி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்சினார். விரலால் தட்டிப் பார்க்கிறார், தொய்வு. மறுபடி காட்டுகிறார், தட்டுகிறார். ணங் என்றது. எழுந்து வாசல்படி வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நின்று ஐயரைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, செருப்ப எங்க விடுறது, பறைய எங்க வைக்கிறது?"

ஐயர் சொன்னார்: "செருப்பு வெளியே. பறை உள்ளே."

இன்னொரு தரம் சொல்கிறேன், பின் வரிசையில் இருக்கிற தம்பிகளுக்குக் கேட்டிருக்காது. செருப்பு வெளியே, பறை உள்ளே. இவ்வளவு காலம் செருப்பும் பறையும் அவரும் ஒரே இடத்தில் கிடந்தார்கள் நடுவர் அவர்களே. அன்றைக்குத்தான் செருப்பு தனியாகவும் மனிதன் தனியாகவும் பிரிந்தார்கள். பறை முழங்கத் தொடங்கியதும் நான் கமிட்டிப் பெரியவர் ஒருவரின் காலைப் பார்த்தேன். இது கோயிலா, கொட்டகையா என்று காலையில் சண்டை போட்டவர் அவர். முகம் இறுகித்தான் இருந்தது. பெஞ்சுக்குக் கீழே கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முகத்தைக் கமிட்டி கட்டுப்படுத்தும், காலைக் கட்டுப்படுத்த முடியாது!

பாரம்பரியம் என்று எதிரணி இத்தனை தரம் சொன்னார்களே, எந்த வருஷத்துப் பாரம்பரியம்? இன்று கீர்த்தனைப் புத்தகத்தில் ராகம், தாளம் போட்டு அச்சடித்திருக்கும், தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுகளைத் தஞ்சாவூர்க் கோயிலில் பாடவிடாமல் தடுத்தார்கள் என்று அந்தக் காலத்தில் சாஸ்திரியாரே முறையிட்டிருக்கிறார். கோயிலில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காருவதை விடச் சொன்னதையும் அவர் எதிர்த்தார், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் கேட்டது நியாயம். அந்தப் பாடல்களைச் சேர்த்து இதே மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் 1853இல் அச்சிட்டார். அன்றைய மாற்று, இன்றைய பாரம்பரியம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டிலேயே முழு ஆராதனை முறை அமைத்தார். கும்மி, தாலாட்டு, ஒப்பாரி என்று வயல்காட்டுப் பாட்டி வாயில் இருக்கிற மெட்டு. புத்தகம் வாசிக்கத் தெரியாதவரும் அதில் ஒரு அடி சேர்த்துப் பாடலாம். 2005இல் அவர் போய்ச் சேர்ந்தார். இன்னும் எத்தனை கோயிலில் அந்த மெட்டு வாசலிலேயே நிற்கிறது!

பாமாலையைப் பூட்டி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் அம்மா சாகும்போது பாமாலைதான் பாடினோம். அதை எப்படி விடுவேன்? அதுவும் இருக்கட்டும், இதுவும் வரட்டும். நம் தென்னிந்தியத் திருச்சபையே அப்படிப் பிறந்ததுதானே. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறாக ஆராதித்தவர்கள் சென்னை கதீட்ரலில் ஒன்றானார்கள். 1950இல் வந்த நம் நற்கருணை முறையில் கைக்குள் கை வைத்துச் சமாதானம் கொடுப்பதைக் கேரளத்துச் சிரியன் வழக்கத்திலிருந்து எடுத்தார்கள். அன்று அதுவும் புதுசு.

அந்தச் சமாதானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

பீடத்திலிருந்து புறப்பட்டு, பெஞ்சு பெஞ்சாக, கைக்குக் கை மாறி வரும் இல்லையா? அந்தக் கிராமத்தில் அது கடைசி பெஞ்சோடு நின்றுவிடும். தாழ்வாரத்துக்குப் போகாது. வேண்டுமென்று யாரும் நிறுத்தவில்லை, கடைசி பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அத்தனை வருஷமும் அந்தப் பெரியவர் வாசல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். சமாதானம் வருவதைப் பார்த்திருக்கிறார், நின்றுபோவதைப் பார்த்திருக்கிறார். வாங்கியதில்லை.

அன்று அவர் பீடத்துக்குப் பக்கத்தில் பறையோடு நின்றார். ஐயர் முதல் சமாதானத்தை அவர் கையில் கொடுத்தார். வாங்கியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முன் பெஞ்சில் அந்தக் கமிட்டிப் பெரியவர். இவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். குச்சி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலின் அடியில் காய்ப்புக் காய்ச்சிய கை. கமிட்டிப் பெரியவர் ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கோயிலே அழுதது. அந்தக் கை எத்தனை பேரைச் சுடுகாடு வரை அடித்து அனுப்பிய கை! நம் அப்பாவை, நம் தாத்தாவை. அதை நாம் ஒரு தரமாவது தொட்டிருக்கிறோமா அண்ணே? சாவு மேளம் என்று சொல்லிச் சிரித்தோமே, அந்த மேளம் அழுதது நம் வீட்டுச் சாவுக்குத்தானே?

நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அதை முன் வரிசையில் இருக்கும் கமிட்டி ஐயாமாரிடம் நேராகவே கேட்கிறேன். வருகிற கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனையில், பாடகர் குழுவின் பக்கத்தில், ஒரே ஒரு பாட்டுக்குப் பறைக்கு இடம் கொடுங்கள். அடிக்கிறவர்களை நான் கூட்டி வருகிறேன். வைக்கோலும் நானே கொண்டு வருகிறேன். நன்றி, ஸ்தோத்திரம்.