லாம்ப்ரே ஏற முடியாத மீன் ஏணி: மீண்டும் பானவில் அணையில்

நண்பர்களே, வணக்கம். எந்த அணைக்குப் போனாலும் மீன் ஏறும் வழியைத்தான் நான் முதலில் தேடிப் போவேன் என்பது நமது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவில், கொலம்பியா ஆற்றின் குறுக்கே நிற்கும் பானவில் அணைக்கு மீண்டும் போயிருந்தேன். அங்குள்ள பார்வையாளர் அரங்கின் கீழ்த்தளத்தில், முட்டையிடக் கடலிலிருந்து வரும் மீன்கள் அணையைத் தாண்டி மேலேற அமைத்த படிப்படியான நீர்வழியான மீன் ஏணிக்குள் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சால்மன் மீன்களை அங்கிருந்து உங்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன். இவ்வளவு காலமும் என் கண்ணில் படாமல் போக்குக் காட்டிய, விலாங்கு போல நீண்ட உடல்கொண்ட லாம்ப்ரே, இந்த முறை கேமராவுக்கு நேர் எதிரே வந்து கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது!

கூடத்து விளக்குகள் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தைப் பாழாக்குகின்றன என்று சென்ற காணொளியில் புலம்பியிருந்தேன் அல்லவா? அதற்காக விலை கூடிய போலரைசர் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பிரதிபலிப்பு குறைந்தது, ஆனால் படம் இருண்டு மீனும் மங்கிப்போனது. கடைசியில் கைகொடுத்தது வீட்டில் கிடந்த கறுப்புத் துணிதான். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, சுற்றிலும் துணியைப் போர்த்தி, அதற்குள் தலையையும் நுழைத்துக்கொண்டு எடுத்த காட்சி இது. தாடையே இல்லாத அந்த வட்ட வாயைப் பாருங்கள். மேல்புறத்தில் மூன்று கூர்களுடன் ஒரு பல்தகடு தெரிகிறது. கண்ணுக்குப் பின்னால் வரிசையாக ஏழு செவுள் துளைகள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன. ஃபில்டருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி இனி எனக்கு வருத்தமே இல்லை.

அணை இருந்தால் என்ன, பக்கத்திலேயே ஏணியும் இருக்கிறதே என்று பேசுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதற்கு இந்த உயிரினம்தான் காரணம். 1930களில் கட்டப்பட்ட இந்த அணையின் ஏணிகள் சால்மனையும் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் வகை மீனையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஏறக்குறைய 18 மீட்டர் உயரத்தை ஓர் அடி ஓர் அடியாகப் பிரித்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு தொட்டி கட்டி, தொட்டிகளுக்கு நடுவே தடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். சுவரின் மேலாகவும், அடியில் உள்ள துளை வழியாகவும் தண்ணீர் இறங்குகிறது. 30 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் துளையில் தண்ணீரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர். சால்மன் அதை ஒரே உந்தலில் கடந்து அடுத்த தொட்டியில் இளைப்பாறும். பக்கத் துடுப்புகளே இல்லாத லாம்ப்ரேயோ, வாயால் ஒட்டிக்கொண்டு ஓய்வெடுத்து, பிடியை விட்டுக் கொஞ்ச தூரம் பாய்ந்து, மறுபடியும் ஒட்டிக்கொண்டுதான் முன்னேறும்.

இப்போது ஏணியில் லாம்ப்ரேவை மடக்கும் மூலைக்கு வருகிறேன். கான்கிரீட் சுவர் செங்கோணத்தில் திரும்பும் அந்தக் கூர்விளிம்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. விளிம்பைச் சுற்றிப் போக வேண்டுமானால் லாம்ப்ரே தன் பிடியை விட்டாக வேண்டும், ஆனால் தண்ணீர் மிக வேகமாக ஓடுவதும் அதே இடத்தில்தான். பிடியை விட்ட மறுகணம் ஆறு அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. விளிம்பு வளைவாக இருந்திருந்தால் வாயை எடுக்காமலே ஊர்ந்து திரும்பியிருக்கும். கான்கிரீட் ஊற்ற அச்சுப்பலகை அடிக்கும்போது யாரும் நினைத்துப் பார்த்திராத ஒரு கோணம் அது! பானவிலை வந்தடையும் லாம்ப்ரேகளில் ஏறக்குறைய பாதி அணையைக் கடக்க முடியாமல் நின்றுவிடுவதை ரேடியோ கருவி பொருத்திய ஆய்வுகள் காட்டின. இத்தகைய விளிம்புகளும் நுழைவாயிலின் நீர்வேகமும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

நுழைவாயில் என்றதும்தான் நினைவுக்கு வருகிறது, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏணி எவ்வளவு அருமையாக இருந்தாலும், டர்பைனிலிருந்து வெளியேறும் பெருவெள்ளத்துக்கு நடுவே அதன் வாசலை மீன் கண்டுபிடித்தால்தான் பயன் உண்டு. அதற்காகக் கூடுதல் தண்ணீரை அடித்தளக் கம்பிவலைகள் வழியாக உள்ளே விட்டு, வாசலில் ஒரு வலுவான ஓட்டத்தை உண்டாக்குகிறார்கள். சால்மன் அந்த ஓட்டத்தை மோப்பம் பிடித்தது போல் எதிர்த்து வரும். லாம்ப்ரேவுக்கோ இதுவும் இடைஞ்சல்தான், ஏனென்றால் கம்பிவலையில் வாய் ஒட்டாது.

இதைச் சரிசெய்யச் செய்த வேலைகள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. சில விளிம்புகளை வளைவாக்கியிருக்கிறார்கள். கம்பிவலைகளின் மேல் வழவழப்பான உலோகத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட அருமையானது, லாம்ப்ரேவுக்கென்றே அமைத்த அலுமினியச் சரிவுப் பாதை. மெல்லிய தண்ணீர்ப் படலம் வழியும் அந்தத் தகட்டில் அது வாயால் பற்றிப் பற்றி மேலேறி, இடையிடையே உள்ள பெட்டிகளில் ஓய்வெடுக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்த கான்கிரீட்டால் முடியாததை ஒரு சாய்ந்த தகடு செய்து காட்டுகிறது. இதற்காக விடாமல் வாதாடியவர்கள் இந்த ஆற்றின் பூர்வகுடிகள். லாம்ப்ரே அவர்களுடைய மரபு உணவு. உமட்டில்லா, நெஸ் பெர்ஸ் மக்கள் கீழ் ஆற்றில் அவற்றைப் பிடித்து, அணைகளைத் தாண்டி வண்டியில் கொண்டுபோய் மேல் ஓடைகளில் விடுகிறார்கள்.

என்னை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. அட்லாண்டிக் கரையிலிருந்து 1871இல் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பிறகு இங்கே பரவிய ஷாட் மீன், இதே ஏணியில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் ஏறிப் போகிறது. முன்பு அதை மேலே போகவிடாமல் தடுத்தது இதே ஆற்றில் மேலே இருந்த சீலைலோ அருவி. 1957இல் த டேல்ஸ் அணையின் நீர்த்தேக்கம் அந்த அருவியை மூழ்கடித்தது. வந்தேறிக்கு வழி திறந்துவிட்டு, மண்ணுக்குரியதை மூலையில் நிறுத்திய ஏணியை வெற்றி என்று முழுமனத்தோடு என்னால் சொல்ல முடியவில்லை.

லாம்ப்ரேவை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் வாருங்கள். அது பெரும்பாலும் இரவில்தான் ஏறும் என்பதால், அரங்கம் திறந்தவுடனே கீழ்த்தளத்துக்குப் போய், கண்ணாடியின் அடிப்பகுதியையும் ஓரங்களையும் பொறுமையாகப் பாருங்கள். கைப்பேசியின் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், கறுப்புத் துணியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.