வற்றாளைக் கிழங்குக்குள் ஒரு பக்டீரியா

வணக்கம் உறவுகளே, எல்லோரும் சுகமா? வெள்ளவத்தையில் காலையிலிருந்து விடாத மழை. கடற்கரையில் நின்று பேசலாம் என்றுதான் இருந்தேன், சரிவரவில்லை. அதனால் இன்றைக்குக் குசினியிலிருந்து பேசுகிறேன். இடையில் கேட்கிற சத்தம் ரயில்.

இதைப் பாருங்கள், கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். வற்றாளைக் கிழங்கு. இந்தியாவில் இருப்பவர்கள் சர்க்கரைவள்ளி என்பீர்கள். சந்தையில் வாங்கி வந்து இன்னும் கழுவவில்லை, மண் அப்படியே இருக்கிறது. தோல் கருஞ்சிவப்பு. இந்த இடத்தில் நகத்தால் கீறுகிறேன், பாருங்கள், உள்ளே வெளிர்மஞ்சள், துளித்துளியாகப் பால் கசிகிறது. இந்த மஞ்சள் சதையின் கலங்களுக்குள் ஒரு பக்டீரியாவின் மரபணுக்கள் இருக்கின்றன. மேலே மண்ணோடு ஒட்டியிருக்கும் பக்டீரியாவை நான் சொல்லவில்லை. கிழங்கின் சொந்த டீ.என்.ஏ.யிலேயே அவை எழுதப்பட்டிருக்கின்றன.

ஆய்வுகூடத்தில் யாரும் கொண்டுபோய்ச் சேர்த்ததல்ல இது. மண்ணில் அக்ரோபக்டீரியம் என்று ஒன்று வாழ்கிறது. செடியில் காயம் பட்ட இடம் கிடைத்தால், தன் டீ.என்.ஏ.யில் ஒரு துண்டைச் செடியின் கலத்துக்குள் செலுத்திவிடும். அந்தத் துண்டு செடியைத் தனக்கு வேலை செய்ய வைக்கும். பெரும்பாலும் அது அந்த இடத்தில் ஒரு கட்டியாக முடிந்துவிடும். ஆனால் வற்றாளையின் ஏதோ ஒரு மூதாதைச் செடியில் அந்தத் துண்டு நிலைத்துவிட்டது. அது ஏறிய கலத்திலிருந்து முழுச் செடி வளர்ந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் பெருவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பயிரிடப்படும் 291 வகைகளைப் பார்த்தார்கள், அத்தனையிலும் அந்தத் துண்டு இருந்தது. நெருங்கிய காட்டு உறவுகளில் அது இல்லை. அது கொடுத்த ஏதோ ஒரு குணம் பிடித்துப்போய்த்தான் ஆதிகால விவசாயிகள் அந்தச் செடிகளைப் பொறுக்கி வளர்த்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவிச்சுத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடுகிற இந்தக் கிழங்கு, யாரும் செய்யாமலே மரபணு மாறிய பயிர்!

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நாங்கள் மரபணு என்று படிக்கவில்லை, பரம்பரையலகு என்றுதான் படித்தோம். பெயரிலேயே பரம்பரை இருக்கிறது. மரபணுவிலும் மரபு இருக்கிறது. அம்மா அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்றுதான் அந்தச் சொற்கள் நினைக்க வைக்கின்றன. பரம்பரையே இல்லாமல், பக்கத்திலிருந்து வருகிற பரம்பரையலகும் உண்டு. கிடைப் பரிமாற்றம் என்கிறார்கள். பக்டீரியாக்களுக்கு இது அன்றாடம் நடக்கிற விஷயம்.

இது எனக்குப் பாடமாக இல்லாமல் வீட்டு விஷயமாக ஆனது அம்மம்மாவால்தான். போன வருடம் அவருக்குச் சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல். முதலில் பக்கத்தில் ஒரு பார்மசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே மூன்று நாளுக்குக் குளிசை தந்துவிட்டார்கள். நாங்களும் வாங்கிக் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கி, மறுபடி ஏறியது. பிறகு டொக்டரிடம் போய்க் கல்ச்சர் செய்தோம், கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கிற சோதனை. அந்த ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன், இதோ. இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஒரே ஒரு எழுத்து. 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. விரலை வைத்துக்கொண்டே வாருங்கள்: ஆர், ஆர், ஆர், எஸ், ஆர், ஆர்... இதில் பாதி மருந்தை அம்மம்மா வாழ்நாளில் ஒரு தடவையும் எடுத்ததில்லை. எடுக்காத மருந்துக்கு எப்படி எதிர்ப்பு வந்தது என்று அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை.

பதில் பிளாஸ்மிட். பக்டீரியாவின் பிரதான டீ.என்.ஏ.க்கு வெளியே தனியாகச் சுற்றுகிற சின்ன வளையம். ஒரு பக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி, அந்த வளையத்தில் ஒரு பிரதியைக் கொடுத்துவிடும், தன்னுடையதும் தன்னிடமே இருக்கும். டியூஷனில் நோட்ஸ் போட்டோகொப்பி போவது மாதிரித்தான், சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு கட்டாக இருக்கலாம். யாரோ ஒருவர் அதில் ஒரு மருந்தைச் சாப்பிட்டால், அந்த வளையம் உள்ளவை பிழைக்கும். கட்டில் இருக்கிற மற்ற எதிர்ப்புகளும் கூடவே பிழைத்துவிடும்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தது ஜப்பான். 1950களில் அங்கே வயிற்றுளைச்சல் நோயாளிகளிடம் ஷிகெல்லா கிருமி ஒரே நேரத்தில் நாலு மருந்துக்கு அடங்காமல் வந்தது. ஒரு கிருமி நாலு தடவை தனித்தனியாகத் தற்செயலாக மாறியிருக்கும் என்று நம்ப முடியாது. அதே ஆட்களின் குடலில் சாதுவாக இருக்கிற ஈ.கோலையிலும் அதே நாலு எதிர்ப்பு இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு அது போகிறது என்று 1959இல் அகிபா, ஒச்சியாய் என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டும் வேறு வேறு இனம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால், 1928இல், இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற ஆய்வாளர், சூடாக்கிக் கொன்ற நிமோனியாக் கிருமியை, உயிரோடு இருந்த தீங்கில்லாத வகையோடு கலந்து எலிக்கு ஏற்றினார். எலி செத்தது. செத்த கிருமியிடமிருந்து உயிருள்ளது எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த 'எதையோ' டீ.என்.ஏ.தான் என்று 1944இல் ஏவரியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

சரி, இப்படிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தால் உயிரினங்களின் வம்சத்தை மரமாக வரைவது எப்படி? பக்டீரியாக்களின் விஷயத்தில் மரம் மட்டும் போதாது, கிளைகளுக்கிடையே கயிறு கட்டிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் வலை மாதிரி வரும். விலங்குகளில் இது அரிது. அரிது என்பதால் அவசரப்பட்டு நம்பவும் கூடாது. 2015இல் நீர்க்கரடி என்ற சின்னஞ்சிறு பிராணியின் மரபணுக்களில் ஆறில் ஒன்று வெளியிலிருந்து வந்தது என்று ஒரு குழு எழுதியது. கொஞ்ச நாளிலேயே இன்னொரு குழு சரிபார்த்தது. வெளியிலிருந்து வந்ததாகச் சொன்னதில் பெரும்பகுதி, மாதிரியோடு கலந்திருந்த பக்டீரியாவினுடையது!

ஆனால் எங்கள் உடம்பில் உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. மனித டீ.என்.ஏ.யில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்கள், அதாவது தாம் நுழைகிற கலத்தின் டீ.என்.ஏ.யிலேயே தம் மரபணுக்களை எழுதிவிடுகிற வைரஸ்கள், விட்டுப்போன துண்டுகள். பெரும்பாலானவை இன்று உடைந்த துண்டுகள்தான். சில இன்னும் வேலை செய்கின்றன, அதில் ஒன்று சின்சிற்றின். வைரஸ் எங்கள் கலத்தோடு ஒட்டி உள்ளே நுழைய வைத்திருந்த புரதம் அது. இன்று கர்ப்பத்தில் சூல்வித்தகத்தின் கலங்களை ஒன்றோடொன்று இணைத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே அந்தப் படலத்தை உண்டாக்குகிறது. 2000ஆம் ஆண்டில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அம்மம்மா ஐந்து பிள்ளை பெற்றவர். இதைச் சொன்னபோது ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, "அப்ப அஞ்சு தரமும் அதுதானே வேலை செய்திருக்கு?" என்று கேட்டார். ஓம், ஐந்து தரமும்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, கிழங்கைக் கழுவிப் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் எடுத்து அந்த வலப்பக்க எழுத்துகளைப் பாருங்கள். எடுக்காத மருந்துக்கு 'ஆர்' வந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.