மட்டம் பார்த்து இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தெற்கே சுவானி என்று ஓர் ஆறு. ஜார்ஜியாவின் ஒக்கிஃபெனோக்கி சதுப்புக்காட்டில் பிறந்து, ஃபுளோரிடா வழியாக, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். அழுக்கு இல்லை, ஊறிய இலைதழைகளிலிருந்து இறங்கிய டானின் என்கிற துவர்ப்புச் சாயம். கனூ என்கிற ஒல்லியான துடுப்புப் படகில் கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாள் இதில் போகலாம். நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் போதும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, “முதலை இருக்குமே?” இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆற்றின் மட்டம் பார்த்தீர்களா?

ஒயிட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது காட்டும் கணக்கை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். அந்த ஊருக்கு மேலே பிக் ஷோல்ஸ் என்று ஒரு பாறைப் பாய்ச்சல். மட்டம் 59 முதல் 61 அடிவரை இருந்தால் (ஆழம் அல்ல, கடல் மட்டத்திலிருந்து உயரம்) அங்கே வெள்ளை நுரை பொங்கும். சாமான் ஏற்றிய படகோடு அதில் இறங்க வேண்டாம். கரையேறிச் சுமந்து போக நடைபாதை உண்டு. மட்டம் ரொம்பக் குறைந்தால் சுண்ணாம்புப் பாறையில் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஏறினால், நீங்கள் படுக்க நினைத்திருந்த வெள்ளை மணல்திட்டே தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

நீங்கள் இருக்கும் இடத்தில்தான் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே ஜார்ஜியாவில் பெய்தது சில நாள் கழித்து, வானம் வெளுத்திருக்கும்போது உங்களிடம் வந்து சேரும். அதனால் திட்டில் ஏறியதும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். சமைத்து முடித்ததும் பாருங்கள், படுக்கும் முன் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் நின்றால் ஆறு ஏறுகிறது. பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோடு ஒன்று மணலில் தெரியும். கூடாரம் அதற்கு மேலேதான். படகைப் பாதி இழுத்துப் போட்டால் போதாது. சாமானை இறக்கி, கூடாரத்துக்குப் பின்னால் தூக்கிப்போய்க் கவிழ்த்து, முனைக் கயிற்றை உயிருள்ள மரத்தில் கட்டுங்கள். புதரில் கட்டினால் வேரோடு வரும். 15 மீட்டர் கயிறு இருந்தால் பெரும்பாலும் ஒரு மரம் எட்டும். நான்கு பேர் போனாலும் கட்டும் பொறுப்பு ஒருவருக்கு. ‘அவர் கட்டியிருப்பார்’ என்று நினைத்துத்தான் படகு போகும். மறுபடியும் சொல்கிறேன்: குச்சி, சருகுக் கோடு, கயிறு.

பகலில் ஆபத்து, குறுக்கே விழுந்த மரம். தண்ணீர் கிளைகளுக்கு இடையே போய்விடும், படகு போகாது. நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் மரத்தோடு சேர்த்து அழுத்தினால், மரத்தின் பக்கம் சாயுங்கள். பயந்து மரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து கண் சிமிட்டும் நேரத்தில் படகு நிரம்பிவிடும்.

குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கொண்டுபோங்கள். ஆற்றுநீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நிறம் போகாது. கரையோர ஊற்று கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். முதலையா? தீனி போடாதீர்கள், மீனைத் திட்டருகே கழுவாதீர்கள், இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்காதீர்கள். கோடையில் ஸ்டர்ஜன் மீன் துள்ளும். ஆள் நீளம், படகில் இருப்பவர் மேல் விழுந்தால் எலும்பு முறியும். மிதவைச் சட்டையைக் கழற்றவே வேண்டாம். மணலில் படுக்கப் பிடிக்காதவர்களுக்கு வுட்ஸ் ஃபெரி, ஹோல்ட்டன் கிரீக் போன்ற இடங்களில் வலையடித்த தங்கல் மேடைகள் உண்டு, முன்பதிவு வேண்டும். வணக்கம்.