நெமோ எந்த ஊர்க்காரர்?

நடுவர் அவர்களே, தமிழ்நாட்டு எல்லையோரப் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பனிக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"கதாபாத்திரங்களின் இனத்தையும் நிறத்தையும் பற்றி ரசிகர்கள் வாதாடுவது வெட்டி வேலையா, வேண்டிய வேலையா?" இதுதான் தலைப்பு. வேண்டிய வேலை என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எதிரணி வாத்தியார், நம்ம மாஷ், கேட்டார்: "இல்லாத ஆளுக்கு எதுக்குங்க சாதிச் சான்றிதழ்? தாலுகா ஆபீஸில் யார் போய் வரிசையில் நிற்பது?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நியாயம்தான் இல்லை.

மாஷ், ஜூல் வெர்ன் படைத்த கேப்டன் நெமோவை எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கிக் கப்பலில் கடலுக்கடியில் சுற்றுகிறவர். முதலில் அவரை ரஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துப் பிரபுவாக எழுதத்தான் வெர்ன் நினைத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்காதே என்று பதிப்பாளர் ஹெட்செல் தடுத்துவிட்டார். அதனால் 1869, 70-இல் கதை வந்தபோது நெமோவுக்கு நாடே இல்லை. இனம் ஒரு விஷயமே இல்லை என்கிறீர்களே, அதில் காசு இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டவர் ரசிகரா? புத்தகம் போட்ட முதலாளி!

சரி, ரசிகர்கள்தான் இதைக் கிளப்பினார்களா? கதையைச் சொல்கிற பேராசிரியர் அரோனாக்ஸே நெமோவின் முகத்தைப் பார்த்து, இவர் ஸ்பெயின்காரரா, துருக்கியரா, அரபியா, இந்தியரா என்று மண்டையைக் குடைந்துகொள்கிறார். முதல் வாதமே புத்தகத்துக்குள் நடந்துவிட்டது. அப்புறம் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறார்கள். முத்துக்குளிக்கிற ஓர் ஏழை இந்தியரைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்ந்து காப்பாற்றி, முத்துப்பையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். ஏன் என்று கேட்டால், அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சு வரை நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிறார். அந்த இடத்தைக் கூர்ந்து படித்த ஒருவர் அன்றைக்கே, "இந்த ஆள் நம்ம பக்கம்தான்யா" என்று பந்தயம் கட்டியிருக்கலாம். 1875-இல் முடிந்த இன்னொரு கதையில் வெர்ன் உடைத்துச் சொன்னார்: நெமோ என்பவர் இளவரசர் டக்கார். பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானுக்கு உடன்பிறந்தாரின் மகன் முறை. 1857 கிளர்ச்சியில் இறங்கி, மனைவி மக்களை இழந்தவர்.

திப்புவின் அப்பா ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டை இங்கே பாலக்காட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்க் கடலை கொறிக்கிறோமே, அதே கோட்டைதான். அந்த வீட்டு உறவுக்காரரை 1954-இல் ஹாலிவுட்டில் படமாக எடுத்தபோது நெமோவாக நடித்தவர் ஜேம்ஸ் மேசன், அசல் ஆங்கிலேயர். ஆங்கிலேயரால் எல்லாவற்றையும் இழந்தவருக்கு ஆங்கிலேயர் முகம்! இந்திய நடிகரான நசீருதீன் ஷா ஒரு ஹாலிவுட் படத்தில் நெமோவாக வந்தது 2003-இல். இடைப்பட்ட காலத்தில் ஒரு ரசிகன், "இவர் எங்க ஆளு" என்று கத்தியிருந்தால், மாஷ் கணக்கில் அது வெட்டி வேலை.

எதிரணி அக்கா, "இது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கெதுக்கு?" என்றார். அக்கா, நாம் ரெண்டு மொழிப் படமும் பார்த்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் படத்தில் மலையாளி எத்தனை காலம் டீக்கடை நாயராகவே வந்தார்? மலையாளப் படத்தில் தமிழன் வந்தால் லாரி ஓட்டுவான், இல்லையென்றால் அரிவாளைத் தூக்குவான். தமிழனை ஏளனமாக 'பாண்டி' என்று ஒரு கூப்பாடு வேறு. தியேட்டருக்குள் சிரித்துவிட்டு, வெளியே வந்து, "நம்மாளு மட்டும் ஏன் எப்பவும் இப்படியே வர்றான்?" என்று முணுமுணுத்தோமே, அதுவும் இந்த வாதம்தான். பாரதத்தில் திரௌபதி கரிய நிறத்தாள், கிருஷ்ணை என்றே அவளுக்குப் பெயர். டிவியில் எத்தனை கறுப்புத் திரௌபதியைக் கண்டீர்கள்?

வாதாடி என்ன கிடைத்தது என்றும் கேட்டார்கள். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்று ஒரு கார்ட்டூன். நீல மனிதர்கள் வரும் படம் இல்லை, இது வேறு. ஆசிய மக்களையும் பனிப்பிரதேசப் பழங்குடிகளையும் பார்த்து உருவாக்கிய உலகம் அது. அதைப் படமாக எடுத்தபோது நான்கு முக்கிய வேடங்களுக்கும் வெள்ளை நடிகர்கள் என்று 2008-இல் அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அப்புறம் ஒருவர் விலக, அந்த வேடம் தேவ் படேலுக்குப் போனது. எந்த வேடம்? துரத்தி வருகிற எதிரி நாட்டு இளவரசன்! இயக்குநர் யார் தெரியுமா? மாஹியில் பிறந்த ஷியாமளன். அப்பா மலையாளி, அம்மா தமிழ். நம் எல்லைக்கே அளவெடுத்துச் செய்த மனிதர், அவரும் இப்படிச் செய்தார். 2024-இல் அதே கதை தொடராக வந்தபோது ஆசிய, பழங்குடி நடிகர்கள் நடித்தார்கள். ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

'லிட்டில் மெர்மெய்ட்' 2023 படத்தில் கடற்கன்னியாக நடித்த கறுப்பினப் பெண் ஹாலி பெய்லியை ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்களே என்றார் அக்கா. தப்புதான். ஒரு பெண்ணை வைவதற்கு வாதம் என்று பெயர் கிடையாது, அதை என் அணிக் கணக்கில் எழுதாதீர்கள்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார், ஒரே நிமிடம் ஐயா. 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் ரூ என்று 12 வயதுச் சிறுமி. அடர்ந்த பழுப்பு நிறத் தோல் என்று 2008-இலேயே அச்சில் இருக்கிறது. 2012-இல் படம் வந்து, அமாண்ட்லா ஸ்டென்பெர்க் ரூவாக நின்றதும், நாவலைப் படித்தவர்களிலேயே சிலர் அதிர்ந்தார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்த பிறகு அவள் சாவு அவ்வளவு சோகமாக இல்லை என்றுகூட ஒருவர் எழுதினார். மற்ற ரசிகர்கள் நாவலில் இருக்கிற அந்த நிற வரியைக் காட்டி மல்லுக்கு நின்றார்கள். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அவர்கள் சும்மா இருந்திருக்க வேண்டுமா?